எனக்குப் பின்னால் தெரிந்த ஏரி

2025 ஜனவரி 19, ஞாயிறு

அக்காவை மன்னிச்சிடு பூவிழி. இந்த டைரியை உனக்குத் தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். பொங்கலுக்கு ஆபீஸில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வழவழப்பான தாள், கெமிஸ்ட்ரி நோட்ஸுக்கு ஆகும் என்று நீயும் கேட்டாய். பேனா எழுதுகிறதா என்று பார்க்கப் போய் இரண்டு வரி எழுதிவிட்டேன். எழுதி வைக்கிற அளவுக்கு என் நாளில் ஒன்றும் நடப்பதில்லைதான். இருந்தாலும், பேசத்தான் வரவில்லை, இதுவாவது வருகிறதா பார்க்கலாமே.

இன்று காலை அம்மாவோடு பழவேற்காடு மார்க்கெட். இறால் விலை இறங்கிவிட்டது என்று அம்மா வழியெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 22, புதன்

கோட்டைக்குப்பத்தில் சிக்னல் ஒழுங்காக நிற்கிற இடம் தினகரன் சித்தப்பா வீட்டு மாடி அறை. மகனுக்குக் கல்யாணம் ஆகும்வரை சும்மாதானே கிடக்கிறது என்று சாவியைக் கொடுத்தார். போன வருஷம் கம்பெனி சென்னையில் இரண்டு மாடியைக் காலி செய்தது. வாடகை கட்டுப்படியாகவில்லையாம். அவரவர் வீட்டிலிருந்தே பில் பாருங்கள் என்றார்கள். நான் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லை ஏரிக்கரையில் உட்கார்ந்து சரிபார்க்கிறேன்.

புதன்கிழமை மீட்டிங்கில் கேமரா கட்டாயம். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். கடைசி பெஞ்ச் மாதிரி. யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை.

இன்று எங்கள் டீம் லீட் விஜயராகவன் சார் கேட்டுவிட்டார்.

"சுபஸ்ரீ, உன் பின்னாடி இருக்கறது வால்பேப்பரா?"

"இல்ல சார். ஏரி."

"அந்த வெள்ளை வெள்ளையா நிக்கறது?"

"பூநாரை சார்."

லேப்டாப்பைத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். அத்தனை பேரும் ஏரியைப் பார்த்தார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். எச்.ஆர். மேடம் மட்டும், "இப்ப அங்கேயே செட்டில் ஆயிட்டியா?" என்றார். ஆமாம் மேடம் என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விஜயராகவன் சார் காரில் வந்தார். ஊரைப் பார்க்க வேண்டுமாம். அம்மா நண்டுக் குழம்பு வைத்தாள். சட்டையில் சொட்டிக்கொண்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அண்ணா நகரில் வீட்டு ஓனர் மறுபடி வாடகையை ஏற்றிவிட்டாராம். "சம்பளத்துல பாதி அவனுக்குத்தான் போகுது. நீ ரொம்ப லக்கிம்மா" என்றார். மாடி அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் வெளியே பார்த்தார். சித்தப்பா இளநீரோடு பக்கத்திலேயே நின்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

மெயில் வந்தது. இனி சம்பளம் வசிக்கும் ஊரைப் பொறுத்ததாம். ஊர்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நான் மூன்றாவது. ஏப்ரலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 'வாழ்க்கைச் செலவுக்கேற்ற நியாயமான சீரமைப்பு' என்று எழுதியிருக்கிறது. நியாயமான.

ராத்திரி சாப்பிடும்போது நைனாவிடம் சொன்னேன். அவர் பதறவேயில்லை.

"எடத்துக்கு ஏத்த மாரி சம்பளமா? அட, நம்ம பாடு மாரிதான்!"

எங்கள் ஊரில் ஏரியை ஒருவரே பிடித்துக்கொள்ள முடியாது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம்.

"இப்போ உனுக்கு மட்டமான எடம் வுழுந்துகிது. அத்தொட்டு இன்னா? அடுத்த மொற நல்ல எடம் வரும்ல?"

"வராது நைனா. மாத்த மாட்டாங்க."

"மாத்த மாட்டாங்களா? அப்போ நல்ல எடத்துல கீறவன் எப்பவும் அங்கியே நிப்பானா? இன்னாம்மா கத இது. நீ சரியா படிச்சியா, இங்கிலீசுல இன்னாவோ போட்டுகிதுன்னு..."

"படிச்சிட்டேன் நைனா."

அம்மா எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

பிப்ரவரி 18

நேத்து பாத்த அதே பில்லுதான இன்னிக்கும் பாத்தேன்? அதே கண்ணுதான? ஊர் எப்படி பில்லு பாக்கும்?

மார்ச் 2, ஞாயிறு

சித்தப்பா காலையில் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால், "இருக்கட்டும்ணா, இருக்கட்டும்ணா" என்கிறார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா பண்றதுண்ணா, அந்த சார் மாடியக் கேட்டாரு. நான் பத்துன்னேன், சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன். பேரம்கூட பேசல அந்த மனுசன். அட்வான்ச போன்லயே அனுப்பிட்டாரு. பையன் கல்யாணம் வேற கீது..." என்னைப் பார்க்காமல், "சுபா, நீ படிக்கட்டுல ஒக்காந்துக்கோம்மா. சிக்னல் அங்கியும் வரும். ஒனுக்கு வாடகயெல்லாம் வாணாம்" என்றார்.

வாடகை வேண்டாமாம்.

மார்ச் 5, புதன்

மீட்டிங். சார் கேமராவைப் போட்டதும் எல்லோரும் ஆகா என்றார்கள். சும்மா நாலு நாள் தங்க வந்திருப்பதாக எச்.ஆர். மேடத்திடம் சொன்னார். அவர் தலைக்குப் பின்னால் என் ஜன்னல். ஜன்னலில் பூநாரைகள். எனக்குப் பின்னால் படிக்கட்டுச் சுவர், சித்தி காயப்போட்ட பாவாடை.

"சுபஸ்ரீ எங்க உக்காந்திருக்க, ஜெயில்லயா?" என்று யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாடியில் சார் சிரிப்பது முதலில் படிக்கட்டில் கேட்டது, பிறகு ஹெட்போனில் கேட்டது.

மார்ச் 14, வெள்ளி

இன்று கேட்டுவிடுவது என்று மாடிக்குப் போனேன். என்ன கேட்பது என்பதை மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். 'சார், எச்.ஆரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.' அவ்வளவுதான்.

அவரே பேச்சை எடுத்தார். "உனக்காக நான் ஃபைட் பண்ணேன்மா. பாலிசின்னுட்டாங்க. ஆனா ஒண்ணு, உனக்கு வாடகை கிடையாது, மீன் வீட்டுலயே இருக்கு. உனக்குப் பெரிசா தெரியாது."

"உங்களுக்கு சார்?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"என் அட்ரஸ் அண்ணா நகர்லதானே இருக்கு. அம்மா பக்கத்துத் தெருவுல இருக்காங்க, அதைக் கொடுத்திருக்கேன். இது சும்மா கொஞ்ச நாளைக்கு." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "நீயும் ஹாஸ்டல் அட்ரஸை மாத்தாம விட்டிருக்கலாம்."

விட்டுத்தான் இருந்தேன். எச்.ஆர். மேடத்திடம் ஜன்னல்தான் காட்டிக்கொடுத்தது.

"ஃபேன் நல்லா சுத்துதா சார்?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

நைனா ஒரு கூடை நண்டை எடுத்துக்கொண்டு சாரைப் பார்க்கப் போனார். வேண்டாம் நைனா என்றால் கேட்கிற ஆளா? நானும் பின்னாலேயே போனேன்.

"சார், ஒங்களுக்கு எந்த எடம் வுழுந்துச்சி?"

சாருக்குப் புரியவில்லை. "எனக்கா? சென்னைங்க."

"இங்கதான கீறீங்க?"

"ஆமாங்க."

"அப்போ?"

நான் கூடையில் நண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சார் சிரித்துக்கொண்டே எழுந்து நைனா தோளில் கைவைத்தார். "கம்பெனி விஷயங்க, அது வேற கணக்கு. உங்க பொண்ணு நல்லா வருவா, நான் பாத்துக்கறேன்." நண்டுக்குப் பணம் கொடுக்கப் பார்த்தார். நைனா வாங்கவில்லை.

திரும்பி வரும்போது நைனா சொன்னார்: "நல்ல மனுசன்மா. பாத்துக்கறேன்னு சொன்னாரு, கேட்டல்ல?"

கேட்டேன்.

ஏப்ரல் 12, சனி

நாகப்பன் மாமா தன் ஓட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதில் வாடகைக்கு இருந்தது பவுனம்மாள் அக்கா, அம்மாவோடு கருவாடு பிரிக்கிறவள். ஓட்டைப் பிரித்து டைல்ஸ் போடப் போகிறாராம். சாருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் போன வாரம் வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பைப்படியில் எல்லோருக்கும் முன்னால் பவுனம்மாள் அக்கா கேட்டாள்: "ஏன்டி படிச்சவளே, அந்த ஜன்னல்ல இன்னாத்தடி காட்டுன?"

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "அவ இன்னாக்கா பண்ணுவா, கொழந்த."

"கொழந்தயாம் கொழந்த! ஆபீசரையே கூட்டியாந்து குந்த வச்சிகினா. நாளிக்கு ஏரிக்கும் டிக்கெட் போடுவாங்க, அப்போ ஒம் புருசன் வலய தலயில கட்டிக்கினு நிக்கட்டும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன். அவள் சொன்னதில் எது தப்பு? யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஏப்ரல் 19

பவுனம்மாள் அக்கா ஆரம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 2, வெள்ளி

வெட்டிய சம்பளம் வந்தது. நைனா கேட்டார்: "மொற வந்துச்சாம்மா?"

முன்பெல்லாம் நிஜமாகக் கேட்பார். இப்போது அது வேடிக்கை ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டு கேட்கிறார். அவர் சிரிப்பதைப் பார்க்க முடியவில்லை.

மே 8, வியாழன்

பூவிழி பிளஸ் டூ பாஸ். கெமிஸ்ட்ரியில்தான் அவளுக்கு அதிகம். என் டைரி இல்லாமலே! நைனா மிட்டாய் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். மாடிக்கும் போய்க் கொடுத்தார்.

மே 15, வியாழன்

படிக்கட்டு கொதிக்கிறது. லேப்டாப் சூடேறி இரண்டு முறை அணைந்துவிட்டது. யார் மாடிக்கு ஏறினாலும் இறங்கினாலும் எழுந்து சுவரோரம் நிற்க வேண்டும். ஆன்லைனில் ஏதேதோ வாங்குகிறார் சார், ஒரு நாளைக்கு எத்தனை பார்சல்! கொண்டு வருகிற ஆள் என்னைப் பார்த்து, "நீங்கதான் வாட்ச்மேன் பொண்ணா?" என்றான். கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்தேன்.

எச்.ஆருக்கு எழுதிக் கேட்டேன். முதல் தடவையாக நானாக ஒன்று கேட்டேன். பதில் இரண்டே வரி: சென்னையில் வசிப்பதற்கு வாடகை ரசீது இணைத்தால் பழைய சம்பளம்.

அந்தப் பதிலுக்குக் கீழே பதில் எழுதினேன். விஜயராகவன் சார் எங்கே வசிக்கிறார் என்று ஒரு வரி. ஒரே வரிதான். அனுப்பும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். அனுப்பினால் சித்தப்பாவுக்கு வருகிற வாடகை நின்றுவிடும், நாகப்பன் மாமா டைல்ஸ் போட்ட வீடு சும்மா கிடக்கும். பவுனம்மாள் அக்கா திரும்பி வருவாளா? எனக்கு எடம் மாறுமா? ஒண்ணும் மாறாது. அழித்துவிட்டேன். நல்ல மனசால் இல்லை. பயம்தான்.

மே 25, ஞாயிறு

ஹாஸ்டலுக்குப் பேசிவிட்டேன். வெட்டுகிற பணமும் ஹாஸ்டல் பணமும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய சம்பளத்தை வாங்கி அப்படியே வாடகையாகக் கொடுப்பேன், வீட்டுக்கு இப்போது வருவதுதான் வரும். ஆனாலும் அடுத்த வருஷ உயர்வு பெரிய சம்பளத்தின்மேல் வரும். கதவு உள்ள அறை கிடைக்கும்.

சென்னையில் வாடகை கொடுக்க முடியாதவர் இங்கே வந்தார். இங்கே இருந்தால் சம்பளம் கிடைக்காதவள் அங்கே போகிறேன்.

நைனாவிடம் சொன்னபோது வலையின் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். பிறகு, "அப்போ எடத்த மாத்திக்கினு போறது நீதானா" என்றார். வேடிக்கை இல்லை இப்போது.

ஜூன் 1, ஞாயிறு

பூவிழி, பை கட்டியாயிற்று. காலை பஸ்ஸில் பொன்னேரி போய் அங்கிருந்து ரயில். மிச்சப் பக்கங்கள் உனக்கு. நான் எழுதியதைக் கிழித்துவிட்டுத் தரலாம் என்று இருந்தேன். தாள் நன்றாக இருக்கிறது, மனசு வரவில்லை. நீ படித்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் படித்துக் காட்டாதே.

சனிக்கிழமை உனக்கு ஒரு டிரஸ்டில் காலேஜ் உதவித்தொகை இன்டர்வியூ. வீடியோவில் என்றதும் சார் தானாகவே மாடி அறையைத் தருவதாகச் சொன்னார். "ஜன்னல்கிட்ட உக்காரட்டும், அந்த வியூவைப் பாத்தாலே குடுத்துடுவாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று உன் தலையைப் பின்னும்போது இதைச் சொல்ல வாயெடுத்தேன். நீ கேலி செய்வாய் என்று விட்டுவிட்டேன். இங்கே எழுதுகிறேன், எனக்காக இந்த ஒன்றைச் செய்.

மேசையைத் திருப்பிப் போட்டுக்கொள். ஜன்னலுக்கு எதிரே உட்கார், சுவர் உன் பின்னால் இருக்கட்டும். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், முகம் பளிச்சென்று தெரியும். தெரியட்டும். ஏரியை நீ பார். அவர்களுக்குக் காட்டாதே.