ராட்டினத்திலிருந்து இறங்காதவள்

கோட்டைக்குப்பம்,
26-6-1988.

அன்புள்ள பூபதிக்கு,

உன் வீட்டுக்காரன் சிங்காரம் எழுதுவது. நானும் நம் பெண் கங்காவும், அவளைப் பார்த்துக்கொள்கிற இருசம்மா அக்காவும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கக் கங்கையம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ கொடுத்தனுப்பிய கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பழவேற்காட்டுக் கௌஸ் மைதீன் பாயின் தங்கை லத்தீபா, குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறாரே, அவரே வெயிலில் நடந்து வந்து கொடுத்தார். அடுத்த வாரம் திரும்பிப் போகிறார். இதையும் அவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன். அதனால் மனம்விட்டு எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று அவரிடம் கேட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வீட்டு முதலாளி உன் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், இன்னும் இரண்டு வருஷம் வேலை செய்தால்தான் விடுவார் என்று எழுதியிருக்கிறாய். முதலில் தீபாவளிக்கு வருவேன் என்றாய், பிறகு பொங்கலுக்கு என்றாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. ஏஜெண்டைப் பிடித்து உலுக்கிவிடலாம் என்று உன் தம்பி கோதண்டத்தைக் கூட்டிக்கொண்டு நேற்று பட்டணம் போனேன். அவன் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது ஒரு டெய்லர் கடை. கோதண்டம் அந்த டெய்லரிடம் சண்டைக்குப் போய்விட்டான். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, அளவெடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முழித்தார். உன் தம்பிக்கு நியாயமான கோபம்கூட தப்பான ஆள்மேல்தான் வரும்.

ஏரியைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறது. கடல் தண்ணீர் உள்ளே வந்தால்தானே இறால். ஏரியில் வலை போட நமக்குப் பாடு வரும் நாளில், ஊர் கொடுத்த முறையை விட்டுவிடக் கூடாதே என்று தருமன் படகில் போய் அவன் வலையைப் போட்டு வருகிறேன். புயலில் போன படகுக்குப் பதில் ஒரு படகு வாங்கத்தான் நீ போனாய். இப்போது படகு என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசி வரியில், “கங்கா என்னைக் கேட்கிறாளா?” என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பயத்தில் டெய்லர், மணல், இறால் என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறேன்.

நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாளை நினைத்துப் பார். சாயந்திரம்தான் ஏஜெண்டு வேன் வரும் என்றார்கள். அதுவரைக்கும் பிள்ளையைச் சந்தோஷப்படுத்தலாம் என்று மகாபலிபுரம் ரோட்டில் கடலோரம் இருக்கிற அந்தப் பூங்காவுக்குப் போனோம். “பிளேன்ல ஏர்றதுக்கு முன்னாடி இதுல ஒரு தபா ஏறிப் பாத்துக்கினா பயம் தெளிஞ்சிடும்” என்று ராட்டினத்துக்குச் சீட்டு வாங்கச் சொன்னது நீதான். சின்னப் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று அங்கிருந்த ஆள் சொல்லிவிட்டான். நீ மட்டும் ஏறினாய். முதல் சுற்றில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாய். அடுத்த சுற்றில் கை ஆட்டினாய். நான் கங்காவைத் தூக்கிப் பிடித்து, “அம்மா பிளேன்ல போறா பாரு, டாட்டா சொல்லு” என்றேன். அவளும் சொன்னாள். ராட்டினம் நிற்பதற்குள் பஞ்சு மிட்டாயோடு என் தோளில் தூங்கிப்போனாள்.

வேன் வந்தபோது அவளை எழுப்பலாம் என்று நீ சொன்னாய். நான்தான் தடுத்தேன். நம் குப்பத்தில் படகு தள்ளும்போது பின்னாலிருந்து அழுகைச் சத்தம் வரக் கூடாது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் தெருவுக்குள் போய்விடுவார்கள், தூங்குகிற பிள்ளையை எழுப்ப மாட்டார்கள். போகிறவன் கரை திரும்ப வேண்டுமே. அந்த நினைப்பில், “எழுப்பாத, அழுவும்” என்றேன். நீ அவள் பாதத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாய். வந்தது வேன், படகு இல்லை. அந்த அறிவு எனக்கு அன்றைக்கு இல்லாமல் போய்விட்டது.

பொன்னேரி ரயிலில் கண் விழித்து அம்மா எங்கே என்றாள். அழுகையை அடக்கத் தெரியாமல், அம்மா ராட்டினத்தில் இருக்கிறாள், இன்னும் சுத்து முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு என்று சொன்ன பொய், பூபதி. மூன்று வருஷம் ஆகப்போகிறது. தினம் காலையில் “சுத்து முடிஞ்சிதா நைனா?” என்பாள். இன்னும் இல்லை என்பேன். மழை பெய்தால் நீ நனைவாயே என்று கவலைப்படுவாள். பெரியவர்கள் குவைத் என்று பேசுவதைக் கேட்டு, அது ராட்டினத்தின் உச்சியில் இருக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டாள். இதையெல்லாம் நான் உனக்கு எழுதியதே இல்லை.

இந்த மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். வாத்தியார் தாயார் பெயர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “எங்கம்மா மேல போனாங்க சார், எறங்கவே இல்ல” என்றாள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, காலமானார் என்று எழுதப் போனார். நான் கத்திவிட்டேன். இருக்கிறாள் சார், குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள் என்றேன். கங்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

உண்மையைக் காட்டிவிடலாம் என்று போன வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளை அந்தப் பூங்காவுக்கே கூட்டிக்கொண்டு போனேன். காட்டினால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். ராட்டினத்தை நிறுத்தி ஒவ்வொரு தொட்டியாக இறக்கினார்கள். கங்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கின ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். கடைசித் தொட்டியும் காலியாயிற்று. ராட்டினக்காரன் வாசல் சங்கிலியைப் போட்டான். “எல்லாரும் எறங்கிட்டாங்க நைனா. வா, போலாம்” என்றாள். அவள் அழவில்லை. பஸ்ஸில் நான்தான் அழுதேன், நாலு பேர் பார்க்க.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றிலிருந்து கங்கா உன்னைக் கேட்பதில்லை. இருசம்மா அக்காவை அம்மா என்று கூப்பிடுகிறாள். அக்கா முதல் நாள் அதட்டினாள், மறுநாள் அழுதாள், இப்போது “இன்னாடி” என்று பதில் கொடுக்கிறாள். அக்காவின்மேல் வருத்தப்படாதே. தப்பு என்னுடையது. அன்றைக்கு எழுப்பியிருந்தால் கொஞ்ச நேரம் அழுதிருப்பாள், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்திருக்கும், ஊருக்குப் போனவள் வருவாள் என்று காத்திருப்பாள்.

இரண்டு வருஷத்தில் விடுவார்கள் என்று நீ நம்புகிறாய். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. உன்னிடம் மறைக்கத் தெரியவில்லை, இனி பொய் சொல்லவும் பயமாக இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. தலைவலி வந்தால் படுத்துக்கொள், திட்டினால் திட்டட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்றைக்கு உன்னை விட்டாலும், விமானத்தை விட்டு இறங்கி நேராகக் குப்பத்துக்கு வந்துவிடாதே. முன்கூட்டி எழுது. அந்தப் பூங்காவுக்குப் போய், சீட்டு வாங்கி, ராட்டினத்தில் ஏறிக்கொள். நான் கங்காவைக் கூட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நிற்கிறேன். அதற்குள் அவள் வளர்ந்து, இதெல்லாம் மறந்துபோய், இது என்ன கூத்து என்று என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. அவள் கண்ணெதிரில் நீ அதிலிருந்து இறங்கி வா, பூபதி.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்து நிற்கும்,
சிங்காரம்.