நீங்கள் பேசாத பிரசங்கம்

அக்கா,

இன்று காலை தருவைகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். உப்பளத்தை ஒட்டி ரோடு போடுகிறார்கள். வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடுவதற்காகக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றின் நடுவில் ஒரு கந்தல் துணி ஆடியது. அவ்வளவுதான். எனக்கு உள்ளங்கை வேர்த்தது, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, மயக்கமா வருதா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கயிற்றைத் தளர்த்தினார்கள், பஸ் நகர்ந்தது. வீடு வந்து சேரும்வரை என் நெஞ்சு அடங்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், பப்புவா நியூ கினியின் மலைநாட்டுச் சபைகளில் ஒரு மாதம் பிரசங்கம் செய்ய உங்களை அழைத்தார்கள். டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் லைனில் கத்திக் கத்தி, மைக்கே வேண்டாத குரல் உங்களுக்கு. நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். உங்கள் தமிழை ஆங்கிலமாக்கித் தரக் கூட வந்தேன். கிளம்புகிற அன்றுகூட, போகத்தான் வேண்டுமா என்று உங்களிடம் கேட்டேன். "ஏளா, பயத்த இங்கனயே வச்சிட்டு வா. பெட்டி வெயிட்டு கூடிரும்" என்று சிரித்தீர்கள்.

அங்கே நீங்கள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, நம்மை வண்டியில் கூட்டிப்போன போதகர் அதை அவர்கள் பேச்சில் சொல்வார். "நான் ரெண்டு வார்த்த சொன்னா இந்தாளு அரை மணி நேரம் பேசுதாரு. சொந்தச் சரக்கு எவ்வளவு சேக்காரோ!" என்று என் காதில் முணுமுணுப்பீர்கள்.

மூன்றாவது வாரம். நல்ல வெயில் நேரம். மலை வளைவு ஒன்றில் திரும்பினால், ரோட்டின் குறுக்கே கயிறு. ஏழெட்டு ஆண்கள், கையில் நீள நீளமான அரிவாள்கள். அவர்களும் பாக்கும் சுண்ணாம்பும் மெல்லுகிறவர்கள், வாயெல்லாம் சிவப்பு. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பார்க்கிற அதே சிவப்புதான். அன்று அது எனக்கு ரத்தமாகத் தெரிந்தது.

அவர்களுக்கும் அடுத்த பள்ளத்தாக்குக்காரர்களுக்கும் அந்த வாரம் சண்டை மூண்டிருந்தது. போதகர் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். அவரை வண்டியிலிருந்து இழுத்து மண்டி போட வைத்தார்கள். ஒருவன் அவருடைய பிடரியில் அரிவாளை வைத்தான். நாம் யார் என்று கேட்டான். தேவனுடைய வார்த்தையைப் பேச வந்தவர்கள் என்று போதகர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்படியா? பேசச் சொல்லு" என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான்.

நீங்கள் இறங்கினீர்கள். நானும் இறங்கினேன். உங்கள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த உங்கள் கை ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தானே நான் மொழிபெயர்க்க முடியும்? வரவே இல்லை. அரிவாள்காரன் பொறுமை இழப்பது தெரிந்தது.

"இந்த அம்மா சொல்கிறார்" என்று நானாகவே ஆரம்பித்தேன். "எங்களுக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். இந்த மலையில் எங்களுக்கு வழி தெரியாது. இவரைத் தவிர யாரையும் தெரியாது. இவர் மனைவி எங்களுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். இவரை எங்களோடு விட்டுவிடுங்கள்." வேத வசனம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர்களில் மூத்தவர் உங்களையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். நம் பைகளை எடுத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார்கள். போதகரை எழுப்பி விட்டார்கள்; அவர் ஏறி வண்டியை எடுத்தார்.

இந்த இடத்தில்தான், அக்கா, நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியதும் பெண்கள் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நானூறு முகங்கள் அண்ணாந்து பார்த்தன. உங்களுக்கு வாய் வரவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "அக்கா அரிவாளுக்கு முன்னால நின்னு இடி மாதிரி பிரசங்கம் பண்ணாங்க. அவங்க ஆயுதத்தக் கீழ போட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் அல்லேலூயா என்று அதிர்ந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏளா, நான் வாயே தொறக்கலியே" என்றீர்கள்.

"நீங்க அப்பவே எந்திரிச்சு சொல்லியிருக்கலாம்லாக்கா."

"சொன்னா ஒன்னயில்லா பொய்க்காரின்னு சொல்லுவாவ. நீயே ஒருநாள் சொல்லு."

சொல்லுகிறேன் என்றேன். சொல்லவில்லை. அதன்பிறகு எந்தச் சபை உங்களை அழைத்தாலும் அந்தக் கதையைத்தான் கேட்டார்கள். கதையைச் சொன்னால் பொய், மறுத்தால் எனக்கு அவமானம். நீங்கள் மேடை ஏறுவதையே விட்டுவிட்டீர்கள். முழங்கால் வலி என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். நானும் அதையே சொல்லித் திரிந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நினைவுக் கூட்டம். அந்தப் பிரசங்கக் கதையைச் சொல்லும்படி உங்கள் தம்பி கேட்டார். மைக்கைப் பிடித்தபோது அந்த மலையில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். அங்கே வெட்டிவிடுவார்கள் என்ற பயம்தான். இங்கே ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரிந்த முகம். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். இத்தனை வருடம் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

வெளியே வந்ததும் உங்கள் தம்பி, "செத்தவள இப்படிக் கேவலப்படுத்திட்டியளே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

எல்லோரும் போனபின் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தருவைகுளத்துக்காரி. புருஷன் கடல் தொழில். போட் கவிழ்ந்து இரண்டு நாள் அவனைக் காணாமல் கிடந்தபோது அவளால் ஒரு ஜெபம்கூடச் சொல்ல முடியவில்லையாம். மூன்றாம் நாள் அவன் வந்துவிட்டான். ஆனாலும் அது பெரிய பாவம் என்று இத்தனை நாளும் ஒளித்து வைத்திருந்தாளாம்.

"அந்த அக்காவுக்கே வாய் வரலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

நேற்று மாலை அவளைப் பார்க்கத்தான் போனேன், இரவு அங்கேயே தங்கச் சொன்னாள். அவளை மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அப்போதிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், பயமாக இருக்கிறது. அவர்களிடம் நீங்கள் பேசியிருக்க வேண்டிய ஆறு வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்க உங்கள் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை வந்தேன். கதவைத் தட்டவில்லை.