மின்கோபுரத்தின் அடியில்

சரோபி, 1986

அன்புள்ள பாபாவுக்கு,

சலாம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். இடது காது மட்டும் கொஞ்சம் இரைகிறது.

போன வாரம் காபூலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கோபுரம் ஒன்றை மறுபடி குண்டு வைத்துச் சாய்த்துவிட்டார்கள். யார் என்று உங்களுக்கும் தெரியும். கோபுரம் நின்ற மலை, அண்ணன் ஸல்மய் இருக்கும் குழுவின் கையில்தான் இருக்கிறது.

எங்கள் மேஸ்திரி குல்பாஸுக்கு ஒரே சிரிப்பு. “என்னப்பா எஞ்சினியரு, உங்க வீட்ல ஒருத்தன் சாய்க்கிறான், ஒருத்தன் நிமித்துறான். ரெண்டு பேருக்கும் வேலைக்குப் பஞ்சமே இல்ல!” என்று சொல்லிக்கொண்டே கோபுரத்தடிக்குப் போனவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். வலது பாதம் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

கோபுரத்து இரும்பு ரஷ்யாவிலிருந்து வருகிறது. அதைச் சாய்க்கும் வெடிமருந்து அமெரிக்கப் பணத்தில் வருகிறது. இதில் உள்நாட்டுச் சரக்கு அண்ணனும் நானும் மட்டும்தான். அவன் மார்க்கத்துக்காக என்கிறான். இங்கே கட்சிக்காரர்கள் புரட்சிக்காக என்கிறார்கள். குல்பாஸை இருட்டில்தான் கிடத்தியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்ந்த மல்பெரியும் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்று அலுத்துவிட்டது.

ஸல்மய் வீட்டுக்கு வந்தால் சொல்லுங்கள். கோபுரத்தைச் சாய்க்கட்டும், நான் நிமிர்த்திக்கொள்கிறேன். அடியில் கண்ணி மட்டும் புதைக்க வேண்டாம். குல்பாஸ் இல்லாததால் இனி முதல் ஆளாகப் போவது நான்தான்.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. சொன்ன பிறகும் அவன் புதைத்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டாம். எனக்கே தெரிந்துவிடும்.

உங்கள் இளைய மகன்,
நங்யால்