ஐந்து கையெழுத்து

புத்தளம்
மார்ச் 11

அன்புத் தங்கச்சி கைருன்னிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் எடுத்தால் துண்டிக்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். கூட்டணி முடிவாகிவிட்டது. உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஹாசிம் ஹாஜியாரின் வேட்பாளர் பட்டியலில் நம் கட்சிக்கு இடம் தருகிறார்கள். நாற்பது வருஷம் செங்கொடி பிடித்தும் சபையில் ஒரு கதிரை கண்டோமா? அரசியலில் நிரந்தரப் பகை இல்லை, தங்கச்சி.

சட்டப்படி கால்வாசிப் பெண்கள் இல்லாவிட்டால் பட்டியலை நிராகரித்துவிடுவார்கள். ஐந்து பெண்களைத் தருவதாக ஹாஜியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நீயும் உப்பளப் பெண்கள் நால்வரும் வேட்புமனுப் படிவங்களில் கையெழுத்து வைத்தால் போதும். கூட்டத்துக்கெல்லாம் வரத் தேவையில்லை.

உன் நானா,
ஸலாஹுதீன், செயலாளர்

பாலாவி
மார்ச் 13

அன்பின் நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோபம்தான், மறைக்கவில்லை. நிழலும் குடிதண்ணீரும் கேட்டதற்காக எங்கள் முப்பது பேரையும் ஒரே நாளில் துரத்தியவர் இதே ஹாஜியார். அவருடைய உப்பளத்து வெயிலில் விழுந்துதான் பஹ்மா வயிற்றுப்பிள்ளையை இழந்தாள். அன்று உப்பள வாசலில் நின்று நீங்கள் பேசியது எங்களுக்கு மனப்பாடம்: "இந்த மனுசனோட நான் சேர்ந்தா, என்னை வெறுங்கையோட திருப்பி அனுப்புங்க."

இருந்தாலும் நீங்கள் எங்கள் நானா. வேறு பெண்களைத் தேடி நோன்போடு அலையாதீர்கள். மனுக் கொடுக்கும் கடைசி நாள் நேரே கச்சேரி அலுவலகத்துக்கு வருகிறோம்.

உங்கள் தங்கச்சி,
கைருன்னிஸா

புத்தளம்
மார்ச் 17

அன்புத் தங்கச்சி,

மனம் குளிர்ந்தது. வேறு இரண்டு பெண்கள் வருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வென்றால் உப்பளத்தில் நிழலுக்குக் கொட்டில் போடுவதாக ஹாஜியார் சொல்கிறார். பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பதினொன்றுக்கே வந்துவிடு.

நானா

பாலாவி
மார்ச் 20

செயலாளர் அவர்களுக்கு,

கச்சேரிக்கு வருவோம் என்றேன், வந்தோம். ஐந்து பேரும் எதிரே மர நிழலில்தான் நின்றோம். பஹ்மாவும் கூட. நீங்கள் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பன்னிரண்டுக்குக் கதவு பூட்டியதையும், அத்தனை பேர் முன்னால் ஹாஜியார் உங்கள் முகத்துக்கு நேரே விரல் நீட்டிக் கத்தியதையும் பார்த்தோம். பெண்கள் குறைந்ததால் பட்டியல் நிராகரிக்கப்பட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

நோன்போடு பொய் சொல்ல மாட்டேன், என் நெஞ்சு ஆறியது. கட்சியின் இடமும் சேர்ந்து போனதற்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அதுவும் உண்மை.

படிவங்கள் ஐந்தையும் கையெழுத்தில்லாமல் இத்துடன் அனுப்புகிறேன். வாசலில் நின்று நீங்கள் கேட்டதைத்தான் செய்திருக்கிறோம்.

கைருன்னிஸா