நெல் என்றொரு குதிரை

ஹூட்டகள்ளி, மைசூரு
அக்டோபர் 20

அன்புள்ள காவேரிக்கு,

முரளி எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். குரல்தான் அப்படிச் சொல்லவில்லை. உன் மகள் சக்தி போனை விடுவதே இல்லை. என் கைக்கு வருவதற்குள் நீ பார்த்துக்கொள்ளும் எம்லின் ஐயாவுக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிடுகிறது. "சாப்பிட்டாயா" என்று கேட்பதோடு நம் பேச்சு முடிந்துபோகிறது. எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால் தபாலாபீசுக்குப் போய் உறை வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தக் குதிரை. நீ அவசரமாகச் சொன்னதை நான் புரிந்துகொண்டது இதுதான், தப்பென்றால் திருத்து. எம்லின் ஐயா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அவருடைய குதிரை வயலின் கோடியில் போய் நின்றுகொள்கிறது. யார் கூப்பிட்டாலும் வருவதில்லை. ஜன்னலிலிருந்து அது கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, நடைப்பயிற்சிக்கும் எழுவதில்லை. இப்படியே போனால் புத்தாண்டுக்குள் அவரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டுக் குதிரையை விற்றுவிடப் போவதாக அவர் மகள் ரியான் சொல்கிறாள். அப்புறம் உன்னை எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது உனக்கே தெரியாது. இத்தனையையும் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அந்தக் குதிரையை நீ ஜன்னலுக்கு அழைத்துவரப் போகிறாயாம்! தசரா ஊர்வலத்தில் போலீஸ் குதிரை தும்மினாலே என் சட்டையைப் பிடித்துக்கொள்பவள் நீ.

அதன் பெயர் நெல் என்றதும் சக்தி தரையில் உருண்டு சிரித்தாள். குட்டி போட்டால் அரிசி என்று வைப்பார்களா என்று கேட்கிறாள். அந்த ஊரில் அது பெண்களுக்கு வைக்கும் பெயர் என்று எத்தனை சொன்னாலும் நம்பவில்லை.

அந்த ஊர் ஜாதி, 'வெல்ஷ் காப்' என்றாயே, அது பெரிய குதிரையா, மட்டக்குதிரையா? எனக்குப் பிடிபடவில்லை. நான் ஓட்டும் கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காரும் உமாதேவி என்ற பெண்ணிடம் கேட்டேன். ஹெப்பாள் சிக்னலில் வண்டி நின்றபோது அவள் போனில் தேடிச் சத்தமாகப் படித்தாள். இரண்டுக்கும் நடுவில் வருமாம். தைரியம் அதிகம், புத்தி அதிகம், மனிதர்களிடம் கனிவாக நடக்கும், உழைக்க அலுக்காது, ஆனால் எதிலும் அதற்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டு என்று போட்டிருந்ததாம். பின்னாலிருந்து ஒருவர், "அண்ணா, இது குதிரையா, மாப்பிள்ளை விளம்பரமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

டியூட்டி முடிந்து அரண்மனைப் பக்கம் போய் ஜட்கா குதிரைவண்டி ஓட்டும் ரஹ்மத்துல்லாவையும் பார்த்தேன். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கையில் ஒரு குச்சி இருக்கட்டும். அடிக்க வேண்டாம், பார்த்தாலே போதும். இரண்டு, ஒரு வேளைத் தீனியை நிறுத்திப் பார். பசித்தால் தானாக வரும். முயன்று பார்த்து எழுது.

அம்மா அப்படியேதான் இருக்கிறார். உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏறியவள் என்பது இன்னும் தீரவில்லை. டிக்கெட்டை மாற்ற முடியாது என்பதும், ஏர்போர்ட் வரைக்கும் நீ அழுதுகொண்டே வந்ததும் நான் சொல்லியாகிவிட்டது. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் என்னவோ.

குளிரில் ஜாக்கிரதை.

உன்
முரளிதரன்


ஹூட்டகள்ளி
நவம்பர் 12

அன்புள்ள காவேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரிப்பதா, உன் காலில் விழுவதா என்று தெரியவில்லை.

குச்சியைக் கண்டால் குதிரை அடங்கும் என்று நாங்கள் இங்கே நினைத்தோம். அதுவோ முதல்முறையாக உன்னை நோக்கி வந்ததே அந்தக் குச்சிக்காகத்தானாம்! வாயால் அதைப் பிடுங்கிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, வயலைச் சுற்றி வந்ததாம். நீ வேலியேறிக் குதித்ததில் முழங்கால் சிராய்த்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். காயம் ஆறிவிட்டதா? அங்கே மஞ்சள் கிடைக்குமா?

இரண்டாவது யோசனை இன்னும் மோசம். நீ சாயந்திரத் தீனியை நிறுத்தியதும், அது உதட்டாலேயே கொட்டகைத் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்து பாதி மூட்டையைத் தின்றுவிட்டதே! கால்நடை மருத்துவர் வந்து ராத்திரி முழுக்க அதற்கு ஒன்றும் ஆகாமல் பார்க்க வேண்டியதாயிற்று, ரியான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். தீனியை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். தயவு செய்து சொல்லிவிடு. மைசூரில் பஸ் ஓட்டும் ஒருவன் சொன்னான் என்று சொன்னால் கோபமாவது குறையும்.

ரஹ்மத்துல்லாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "என் குதிரை ஹாரனுக்குப் பயப்படும், நாய்க்குப் பயப்படும், எனக்கும் பயப்படும். எதுக்குமே பயப்படாத குதிரையை நான் பார்த்ததில்லை தம்பி. அதுகிட்ட எப்படி நடந்துக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இனி யாருடைய யோசனையையும் நான் உனக்கு அனுப்பப் போவதில்லை. நீ பார்ப்பதை எழுது, அது போதும்.

ஆனால் கேள்விகளை நிறுத்த முடியவில்லை. காதை எப்போது பின்னால் மடிக்கிறது? எம்லின் ஐயா எப்படிக் கூப்பிடுவார், விசில் அடிப்பாரா? அவர் பேசுவது அதற்குக் கேட்குமா? கோபித்துக்கொண்டு கோடியில் நிற்கிறதா, இல்லை, அவர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா? முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனித்துச் சொல். நீ அனுப்பிய படத்தில் குளம்பைச் சுற்றி இவ்வளவு முடி இருக்கிறதே, சேற்றில் நனைந்தால் யார் துடைப்பார்கள்?

திங்கட்கிழமைகளில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எனக்குக் குட்மார்னிங் சொல்வதை விட்டுவிட்டார்கள். "அண்ணா, நெல் ஏனாய்த்து?" என்று நெல்லுக்கு என்னாச்சு என்பதைக் கேட்டுக்கொண்டேதான் ஏறுகிறார்கள். தாழ்ப்பாள் கதையைச் சொன்னபோது ஒரு டீம் லீடர் தன் ஸ்டாப்பில் இறங்க மறந்துவிட்டார்.

சக்திக்கு முன்பல் விழுந்தது. உனக்குக் காட்டப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

உன்
முரளிதரன்


ஹூட்டகள்ளி
நவம்பர் 25

அன்புள்ள காவேரிக்கு,

நேற்று நடந்ததில் உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். எங்கள் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

புயலில் வீட்டு இன்டர்நெட் போய்விட்டது, வயலோரக் கல்சுவரில் உட்கார்ந்தால்தான் சிக்னல் என்று எம்லின் ஐயாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நீ அங்கே வந்து உட்கார்ந்தாயல்லவா? இங்கே சக்தி பல் விழுந்த இடத்தில் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்படி வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் சக்திக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

முதலில் உன் தோளுக்குப் பின்னால் ஏதோ பழுப்பாக அசைந்தது. மேகம் என்று நினைத்தேன். அது பெரிதாகிக்கொண்டே வந்தது. உனக்குத் தெரியவில்லை, நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். சக்தி மெதுவாக, "அப்பா, நெல்லு" என்றாள்.

அம்மா திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி அவரைக்காய்த் தட்டு உருண்டது. போனைச் சக்தி கையிலிருந்து பிடுங்கி, "அடியே காவேரி! பின்னால பாரு கண்ணு! குதிர வருது, எந்திரி சாமி, எந்திரி!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு தேவம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்துவிட்டாள்.

நீ எழுந்திருக்கவில்லை. கல்லாகிவிட்டாய். அப்புறம் திரை முழுக்க இரண்டு மூக்குத்துளைகள்தான். அது போனை முகர்ந்து ஒரு மூச்சு விட்டது பார், அம்மா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார், இங்கே காற்றடித்ததைப் போல! நீ மெல்ல, "அத்தை, ஒண்ணும் பண்ணல. நீங்க பேசுங்க, அது கேக்குது" என்றாய். "என்னத்தப் பேசறது நானு?" என்றார் அம்மா. பிறகு பேசினார். கொள்ளேகாலத்தில் அவருடைய அப்பா வைத்திருந்த மாட்டைப் பற்றிக் குதிரையிடம் சொன்னார். அது காதை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. நீ அழுதாயா, காவேரி? திரையில் உன் முகம் பாதிதான் தெரிந்தது.

போனை வைத்த பிறகு அம்மா சிதறிய அவரைக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "அந்தக் குளுருல குதிரைக்குப் போர்வ கீர்வ ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். அதற்கு மேல்முடியே போர்வைதான் என்று நீ எழுதியதைச் சொன்னேன். பிறகு தலையை நிமிர்த்தாமல், "அவளுக்கு ஸ்வெட்டர் பத்துதா?" என்றார்.

இப்போது எனக்குத் தூக்கம் வராத கேள்வி: அது ஏன் வந்தது? எம்லின் ஐயாவின் கோட்டு வாசனைக்கா? போனுக்குள்ளிருந்து குரல் வந்ததற்கா? இத்தனை நாள் அதைப் பிடிக்கப் போனவள் இன்று அதைக் கவனிக்கவே இல்லையே, அப்படி இவளுக்கு என்னதான் வேலை என்று பார்க்க வந்ததா? பஸ்ஸில் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். முடிந்தால் ஒருநாள் கோட்டில்லாமல் போய் உட்கார்ந்து பார். இன்னொரு நாள் கோட்டோடு, போனில்லாமல். பயமாக இருந்தால் வேண்டாம்.

உன்
முரளிதரன்


ஹூட்டகள்ளி
ஜனவரி 8

அன்புள்ள காவேரிக்கு,

உன் நீண்ட கடிதத்தை மூன்று பேரும் சேர்ந்து படித்தோம். பிறகு நான் தனியாகப் படித்தேன்.

கோட்டோடு, போனில்லாமல் போன அன்று அது வந்து உன் பைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாந்தவர்கள் திரும்புவதுபோலத் திரும்பிப் போய்விட்டது. கோட்டில்லாமல் சக்தியோடு பேசிக்கொண்டு உட்கார்ந்த அன்று பக்கத்திலேயே நின்றது. ஆக, பேச்சுக் கட்சி ஜெயித்தது. அந்தக் கட்சியில் இருந்த உமாதேவிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ரஹ்மத்துல்லா ஒப்பவில்லை. கோட்டில் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு அது எதற்குக் கோட்டை நம்பும் என்கிறார். அதுவும் சரியாகத்தான் படுகிறது.

பேசிக்கொண்டே நீ வீட்டை நோக்கி நடக்க, அது உன் பின்னாலேயே ஜன்னல் வரைக்கும் வந்த இடத்தைச் சக்தி மறுபடி மறுபடி படிக்கச் சொல்கிறாள். எம்லின் ஐயா கட்டில் கம்பியைப் பிடித்துத் தானாக எழுந்து ஜன்னலைத் திறந்ததும், நெல் தலையை உள்ளே விட்டு அவர் தட்டிலிருந்த ரொட்டியைத் தின்றதும், அவர் அதைத் திட்டிக்கொண்டே இன்னொரு ரொட்டி கேட்டு, அதைத் தானே சாப்பிட்டதும்! அவர் இப்போது வாசல் வரை நடக்கிறார் என்பதைப் படித்து அம்மா இரண்டு கையையும் கூப்பினார். சாமுண்டி மலைக்குப் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். நட்சத்திரம் தெரியவில்லை, பூசாரியிடம் அம்மாவே ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டார்.

குதிரையை விற்கவில்லை, வீட்டையும் மூடவில்லை என்று ரியான் சொல்லிவிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

இரண்டு பக்கம் இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். நீயே இன்னும் இரண்டு வருடம் இருந்து ஐயாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ரியான் கேட்கிறாளாம், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ரிங் ரோடு வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது. அவர், "ஒரு பெரியவர எழுப்பி நடக்க வெச்சிருக்கறா. பாதியில வுட்டுட்டு வாடின்னு எந்த வாயில சொல்றது?" என்றார். நீ போகும்போது உன்னை ஏசியதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சக்தி, நீ வரும்போது நெல்லையும் கூட்டி வருவாயா, பஸ் நிறுத்தும் இடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்றாள். ஆக இந்த வீட்டில் உன்னை வரச்சொல்ல ஆள் இல்லை.

அந்தக் குதிரை எப்படிப்பட்டது என்று இத்தனை மாதமாக உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். காது, குளம்பு, தாழ்ப்பாள் எல்லாம் கேட்டேன். உனக்கு அங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்றுதான். பிடித்திருக்கிறது என்று சொன்னாலும் எனக்குத் தாங்காது, கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னாலும் தாங்காது.

இப்போது கேட்கிறேன். எழுது.

ரியானுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீ. இரு என்று நான் சொன்னால் அது முழு மனதோடு சொன்னதாக இருக்காது. வா என்று சொன்னால் நியாயமாக இருக்காது. அவளிடம் நீ ஒரு வருடம் என்று சொல். அவள் இரண்டு என்று கேட்பாள். நல்லவள், நயமாகக் கேட்பாள். அப்போதும் ஒன்று என்றே சொல்.

சக்திக்கு இரட்டைச் சடை பின்ன நான் கற்றுக்கொண்டுவிட்டேன். இடது பக்கம் மட்டும் கோணிப்போகிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லையாம்.

எம்லின் ஐயா நன்றாக நடக்கட்டும். உன்னைச் சுற்றியிருக்கும் எல்லா உயிரும் நன்றாக இருக்கட்டும். சாமுண்டித் தாய் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருந்து, எந்தக் குறையும் இல்லாமல் திருப்பித் தரட்டும்.

ஒன்று என்றே சொல், காவேரி.

உன்
முரளி