சிவகுண்டல மரத்துக்கு ஒரு மாப்பிள்ளை

வியாசர்பாடி, சென்னை-39
22.7.2001

அக்கா மகள் சங்கமித்ராவுக்கும், பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துப் படிக்கும் மாப்பிள்ளை அறிவுக்கும், மாமன் கிருஷ்ணப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தான்சானியாவில் உங்கள் சுகத்தை நீங்கள் வரும்போது நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, எனக்குச் சோறு போடும் காசிமேட்டு மீன்துறைமுகத்து ஐஸ் மேல் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பவேண்டாம். படித்தால் போதும்.

போன முறை நீ வந்திருந்தபோது, நம் முற்றத்துக் குழாயடியில் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா சிவகுண்டல மரத்தை "மலட்டு மரம்" என்றாள். கண் மரத்தின் மேல் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சே என்று உன்னைக் கேட்ட வாயோடு சொன்னாள். நீ குடத்தைப் பாதியில் வைத்துவிட்டு மேலே போனாய். அப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மரத்தைப் பற்றி மட்டும்தான்.

மரத்தை வெட்டுவதென்று நம் குடியிருப்புச் சங்கத் தலைவர் லோகநாதன் முடிவு செய்துவிட்டார். பூ நாறுகிறதாம், வழுக்குகிறதாம், வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். "ஒரு காய் கீதா? சும்மா எடத்த அடச்சிகினு நிக்கிது" என்றார். காய்த்தால் விடுவாயா என்றேன். "காய்க்கட்டும் மாமு, நானே மால போட்றேன்" என்றார்.

அதனால்தான் உனக்கு அவசரமாக எழுதிக் கேட்டேன். அங்கே புல்வெளியில் இதே மரம் தடி தடியாகக் காய்த்துத் தொங்குகிறது, வௌவால் தேன் குடிக்க வந்து ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குச் சுமக்கிறது, தன் மகரந்தம் தனக்கு உதவாது என்று நீ பதில் போட்டாய். நம்முடையது ஒண்டி மரம். எனவே மாப்பிள்ளை தேடிப் புறப்பட்டேன்.

எண்ணூரிலிருந்து சல்லடை போட்டுத் தேடியதில், கல்மண்டபத்தில் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் வரன் அமைந்தது. முதலில் அங்கிருந்த வௌவால்களிடம் முறையாகப் பேசினேன். அவற்றின் தலைவர் தலைகீழாகத் தொங்கியபடியே, "கன்டெய்னர் லாரி போற ரோட்ட தாண்டி எவன் வருவான், பேஜாரு" என்று சிறகை மூடிக்கொண்டார். சரி, நானே வௌவால் ஆனேன்.

பூ அந்தி மங்கும்போது திறந்து, விடிவதற்குள் விழுந்துவிடுகிறது. கயிறு போன்ற நீளமான காம்பில், இலைக்கூட்டத்தை விட்டு விலகித் தொங்குகிறது. வௌவாலின் சிறகு எதிலும் மாட்டாமலிருக்கத்தான் போல. ரத்தச் சிவப்பில் ஒரு கிண்ணம். ஒரு முகம் சரியாக நுழையும். நான் நுழைத்துப் பார்த்தேன், மூக்கெல்லாம் மகரந்தம்.

பறித்த பூக்களை வஞ்சிரத்தைப் போல ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தேன். துறைமுகத்துக்காரனுக்கு வேறென்ன தெரியும். வீடு சேர்ந்தபோது மகரந்தம் கஞ்சியாகியிருந்தது. மறுநாள் அந்தியில் புதுப் பூவின் மகரந்தத்தை மட்டும் உதிர்த்து, ஈரம் படாமல் தீப்பெட்டியில் போட்டு, ராத்திரி பஸ்ஸில் வந்தேன்.

நம் மரத்தில் ஏணி போட்டு ஏறி, சவரப் பிரஷ்ஷால் தடவினேன். பூவுக்குள் இரண்டு உதடுள்ள ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பிரஷ் பட்டதும் உதட்டை மூடிக்கொண்டது. அடுத்த பூ என் கையை முழங்கை வரை விழுங்கிவிட்டது. தீயணைப்புக்காரர்கள் வந்துதான் மீட்டார்கள்.

அப்புறம் காய்த்தது பார், நீர்மூழ்கிக் கப்பல் அளவுக்கு. கடற்படையிலிருந்து வந்து அளந்துகொண்டு போனார்கள். லோகநாதன் போட்ட மாலையில் மரமே மறைந்துவிட்டது.

கண்ணு, இவ்வளவிலும் ஒரு சின்ன விஷயம் நிஜம். காய் இருக்கிறது. ஒன்றே ஒன்று, கட்டைவிரல் அளவு. லோகநாதன் கோடரிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டார். கெங்கம்மா அதன் கீழே வெகுநேரம் நின்றாள். "அப்போ கொற மரத்துல இல்ல" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு வந்தா கொடத்த நானே மேல தூக்கினு போறேன்னு எழுது நைனா" என்றாள்.

எழுதிவிட்டேன். காய் பெரிதாகப் பல மாதம் ஆகும் என்று நீ எழுதியிருந்தாய். அதற்குள் இரண்டு பேரும் வாருங்கள். உன் குடம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டும்,
கல்மண்டபத்து வௌவால்,
மாமன் கிருஷ்ணப்பன்