உன் அம்மாவின் பாலில் நான் கலந்தது

என் கண்ணு ஆஷிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் தேசத்தில் உனக்கும் மாப்பிள்ளை அசீமுக்கும் அல்லாஹ் உடம்பில் சுகத்தையும் வீட்டில் பரக்கத்தையும் தருவானாக. இங்கே அம்மா நலம், நான் அரை நலம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குத் தைரியம் போய்விடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று நான் நோன்பு. ரமலான் இல்லாத நாளில் என்ன நோன்பு என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. மொட்டை மாடிக் கொட்டகை நிழலில் இருக்கிறேன். வெறும் வயிற்றில் தலை லேசாகி மிதக்கிறது, புறாக்கள் முனகுவதும் தெருச் சத்தமும் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கின்றன. கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

புற்று வந்த மார்போடு கக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுத்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக அம்மாவின் இடது கையை நான் ஒரு சொம்பு தூக்கக்கூட விட்டதில்லை, கை வீங்கிவிடும் என்ற பயம். பழங்காநத்தத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரும் மாதங்கி என்ற பெண்தான் என்னைப் பிடித்து ஏசியது. பொத்திப் பொத்தி வச்சா எலும்பும் தேயும் சதையும் கரையும் ஐயா, மெல்ல மெல்ல எடையைக் கூட்டிப் பழகணும், வீங்குற மாதிரி இருந்தா ஒடனே எங்கிட்ட சொல்லணும், அம்புட்டுத்தான் என்றது. அதற்கென்று விற்கிற இரும்புக் குண்டுகளை வாங்கித் தருகிறேன் என்றேன், உன் அம்மா கேட்கவில்லை. நம் நாட்டு மருந்துக் கடையில் சும்மா கிடந்த எடைக்கற்களைக் கொண்டுவரச் சொன்னாள். சர்க்கார் முத்திரை குத்துன கல்லு, அது பொய் சொல்லாது என்றாள். அரைக் கிலோவில் தொடங்கினாள், அடுத்து ஒரு கிலோ, இப்போது இரண்டு கிலோக் கல்லை மஞ்சப்பையில் போட்டு இடது கையால் தூக்குகிறாள். விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு நான் மறுபடி கண் அசரும் நேரத்தில் அடுத்த அறையில் அவள் எண்ணும் குரல் என் கனவுக்குள் வரும். கனவில் நான் கடையில் நிற்கிறேன், தராசின் ஒரு தட்டில் கல், மறு தட்டில் அவளுடைய கை, முள் அசையவே இல்லை, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பல நாள் அப்படியே விழித்திருக்கிறேன்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். நீ ஒரு டப்பா புரோட்டீன் மாவு அனுப்பினாயே, டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்கத்தா என்று பத்துத் தடவை சொன்னாய், நானும் பயபக்தியோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர்கள் படித்துப் பார்த்து, இது இப்போதைக்கு வேண்டாம், முட்டை, பருப்பு, மீன் போதும், நான் எழுதின கால்சியமும் வைட்டமின் டியும் தவிர எதுவும் கூடாது என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து என்ன செய்தேன் தெரியுமா, நம் கடையிலிருந்து அமுக்கராக் கிழங்கும் இன்னும் நாலு சாமானும் இடித்து, தினம் அவளுடைய பாலில் பனங்கற்கண்டோடு கலக்கினேன். அவளுக்குச் சொல்லவில்லை, சொன்னால் குடிக்க மாட்டாள். தெம்பு வரட்டும் என்றுதான். வெளிநாட்டு டப்பாவைச் சந்தேகப்பட்ட எனக்கு என் கடைச் சரக்கை ஒரு மருந்தாகவே நினைக்கத் தோன்றவில்லை. நான்கு மாதம் இப்படி.

ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறியிருந்தது. வேறே எதுவும் சாப்பிடுறீங்களா என்று டாக்டரம்மா கேட்டார்கள். அல்லா மேல சத்தியமா வேற ஒண்ணும் வாயில வைக்கலம்மா என்றாள் உன் அம்மா. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. நாற்பது வருஷம் ஊருக்கே நிறுத்துக் கொடுத்த கை, அது தப்புச் செய்தது என்று எப்படிச் சொல்வது. புற்று திரும்பாமல் இருக்க அவள் தினம் போடும் மாத்திரையை நிறுத்திவைத்தார்கள். அன்றே நானும் பொடியை ரகசியமாக நிறுத்தினேன். அடுத்த பரிசோதனையில் எல்லாம் இறங்கிவிட்டது, அப்ப மாத்திரைதான் ஒத்துக்கலை, வேறே மாத்துவோம் என்றார்கள். அம்மாவின் முகம் வாடிவிட்டது, ஒத்துக்கிட்ட மருந்துன்னு நெனச்சேனே, புதுசு என்ன பண்ணுமோ என்றாள். என்னால் தாங்க முடியவில்லை ஆஷிகா. அங்கேயே, இரண்டு பேர் முன்னாலும், நான் கலக்கியதைச் சொல்லிவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

டாக்டரம்மா ஏசினார்கள், பொடியில் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், பழைய மாத்திரையையே தொடங்கி மறுபடி சோதித்தார்கள், போன வாரம் வந்த கணக்கு சரியாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று ஆட்டோவில் வீடு வந்து இறங்கியதும் உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக என்றாள். ஓடா உழைச்சு இந்தக் கையைத் தேத்துறேன், எனக்குள்ள என்ன போகுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா, என்னை அல்லா மேல பொய்ச் சத்தியம் பண்ண வச்சுட்டீகளே என்று அழுதாள். பள்ளிவாசலில் ஹஜ்ரத்தைக் கேட்டேன். உங்கள் வீட்டம்மா அறியாமல் சொன்னது, அவர்கள்மேல் குற்றம் இல்லை, பரிகாரமும் இல்லை என்றார். ஓடிவந்து சொன்னேன். ஹஜ்ரத் சொன்னா எனக்குச் சரி, உங்களுக்கு நான் சொல்றேன், மூணு நோன்பு புடிங்க என்றாள். இன்று மூன்றாவது.

பாலை இப்போது அவளேதான் காய்ச்சிக்கொள்கிறாள், அடுப்படிப் பக்கம் எனக்கு அனுமதி இல்லை. நீயும் கேள், அம்மாவுக்கு வந்ததை உன் டாக்டரிடம் சொல்லி, எந்த வயதிலிருந்து என்ன பரிசோதனை என்று கேட்டு ஒழுங்காகச் செய்துகொள், வேலை வேலை என்று தள்ளிப்போடாதே. யார் எதைத் தின்னச் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்டுவிட்டுத் தின்னு. உங்கள் இருவரையும் அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைப்பானாக.

எழுதிக்கொண்டே அசந்துவிட்டேன் போலிருக்கிறது, விழித்தால் மேற்கே சிவந்துவிட்டது, நோன்பு திறக்கும் நேரம். படியில் அவள் காலடி கேட்கிறது. கஞ்சிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறாள், ஒரு ஆள் முழுத் தெம்போடு தூக்க வேண்டிய கனம். ஓடிப்போய் வாங்கிக்கொள்ள எழுந்தேன். இருங்க, நானே கொண்டு வாரேன் என்கிறாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

உன் அத்தா,
ஜமீல்